காது மெஷின் வழங்கும் விழா

பெயர் வாசிப்பவர் மைக்கை வாயோடு ஒட்டி வைத்திருந்தார்.

வாய் தெரியவில்லை.

மண்டபத்தில் எண்பது பேர். எண்பது பேருக்கும் காது மந்தம். யாரும் எழுந்திருக்கவில்லை.

அவர் இன்னும் சத்தமாக வாசித்தார் போலிருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்தது.

துளசிமணியின் மடியில், வாசலில் கொடுத்த தாள் கிடந்தது. காது கேளாதவரிடம் முகம் பார்த்துப் பேசுங்கள். வாயை மறைக்காதீர்கள். கத்தாதீர்கள். தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள்.

அச்சடித்தவர்கள் படிக்கவில்லை.

கடைசியில் ஒரு பெண் கீழே இறங்கி வந்தாள். பெயரெழுதிய அட்டையை வரிசை வரிசையாகக் காட்டி ஆட்களைக் கிளப்ப ஆரம்பித்தாள்.

மேடை நடுவில் அர்த்தநாரி முதலாளி. தோளில் புதுப் பொன்னாடை. மெஷின்களெல்லாம் அவருடைய கொடை. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் அவருடைய தறிக் கொட்டகையில் காதைத் தொலைத்தவர்கள்.

துளசிமணி அங்கே இருபத்திரண்டு வருடம்.

அதையெல்லாம் மறந்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. போன் வந்தால் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிப் பேசுவாள். பிறகு இவள் முகத்துக்கு நேராக நின்று சொல்வாள். மாமியார் வீட்டில் மகள் படுவதெல்லாம் முதலில் பக்கத்து வீட்டுக்குத்தான் தெரியும்.

அவள் பாதியை விழுங்கிவிட்டுச் சொல்கிறாள் என்று இவளுக்குச் சந்தேகம்.

மேடையில் முதலாளி, பெயர் வாசிப்பவர் பக்கம் சாய்ந்தார். மைக்கைக் கையால் தள்ளிவிட்டுப் பேசினார்.

“வெரசா கூப்புடய்யா. செவிட்டுக் கும்பலு, நாத்தம் கொடலப் புடுங்குது. இதுகளுக்குக் காது போனா என்ன, தறிக்குக் கைதானே வேணும்.”

பெயர் வாசிப்பவர் சிரித்தார்.

தறிச் சத்தத்தில் எவளும் எவளிடமும் குரலால் பேசியதில்லை. உதடுதான். பத்துத் தறிக்கு அப்பால் நின்றும் பிடித்துவிடுவார்கள். முதலாளி கொட்டகைக்குள் அதிகம் வந்ததில்லை. அவருக்குத் தெரியாது.

மற்றவர்கள் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துளசிமணி மட்டும் அவர் உதட்டைப் பார்த்திருந்தாள்.

அவள் வாயில் புளித்த நீர் ஊறியது. துப்ப இடமில்லை. விழுங்கினாள்.

அட்டை அவள் முன்னால் வந்து நின்றது. துளசிமணி.

போட்டோவுக்கென்று மேடையில் ஒரே மெஷின். அவரவர் மெஷினை அளவு பார்த்துக் கீழே தருவார்கள். அவளுக்கு முன்னால் ஒரு முதியவர். அவர் காதிலிருந்து உருவியதை முதலாளி அப்படியே அவள் காதுக்குக் கொண்டுவந்தார்.

முனையில் மஞ்சளாகக் காதுக் குறும்பி. ஈரமாக மின்னியது.

விரலோடு அது உள்ளே நுழைந்தது. மோதிரம் காது மடலில் உரசியது. சந்தனமும் சிகரெட்டும் கலந்த வாடை. அவர் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே அழுத்தினார்.



ஒரு விசில். பிறகு எல்லாம் ஒரேயடியாக உள்ளே கொட்டியது. நாற்காலி இழுபட்டது. யாரோ இருமினார்கள்.

“கேக்குதாம்மா?”

ஆறு வருடம் கழித்துத் தெளிவாகக் காதில் விழுந்த முதல் குரல். அது இவருடையதாகவா இருக்க வேண்டும்.

“மொதல்ல சொன்னதும் கேட்டுச்சுங்க.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. பல் மட்டும் தெரிந்தது.

அவள் மெஷினை உருவினாள். அவர் தோளில் தொங்கிய பொன்னாடையின் ஓரத்தைப் பிடித்தாள். குழந்தையின் மூக்கைத் துடைப்பதுபோல நிதானமாக, சுற்றிச் சுற்றித் துடைத்தாள். பிறகு தானே காதில் செருகிக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள்.

கழற்றிக் கொடுத்தாள்.

மேடை விளிம்புக்கு வந்தாள். விளக்கு முகத்தில் விழுந்தது. குரலே இல்லாமல், உதடு மட்டும் அசைய, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

மண்டபம் அவள் வாயையே பார்த்தது.

முதலாளி, அவள் சாமி கும்பிடுகிறாள் என்று பக்கத்திலிருந்தவருக்குக் கைகாட்டினார்.

அடுத்த அட்டை நாச்சம்மாளுக்கு. அவள் மேலேறி வந்தாள். கையை நீட்டி மெஷினை வாங்கினாள். அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பொன்னாடையில் துடைத்தாள். தானே செருகிக்கொண்டாள்.

அதற்கடுத்தவளும்.

அதற்கடுத்தவரும்.

பொன்னாடையின் சரிகை ஓரம் மெல்ல மெல்ல மஞ்சளேறிக்கொண்டு வந்தது.

முதலாளி அசையவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் அறுபது பேர் இருந்தார்கள்.