வரம்பு வழுக்கும்

"இது மெஷின்தானே புள்ள? மனிசர் ஆருமில்லையே?"

வந்து உட்கார்ந்ததிலிருந்து அப்துல் ஸமட் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகிலா சிரித்து மழுப்பினாள்.

நிந்தவூரில் அவள் போக வேண்டிய கடைசி வீடு இது. அரச சேவைகளில் செயற்கை நுண்ணறிவை விவசாயிகள் எந்தளவுக்கு நம்புகிறார்கள் என்று ஒரு பல்கலைக்கழகம் ஆராய்கிறது; அந்த ஆய்வைக் கவனிப்பவள் ஆகிலா. விவசாயி வட்ஸ்அப்பில் கேள்வியைப் பேசி அனுப்புவார். வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள், உர மானியம் வந்துவிட்டதா என்று. பதில் எழுத்தில் வரும். எழுதுவது மெஷின் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள்.

உண்மையில் மெஷின் அப்போது தயாராகவில்லை. சனங்கள் அதனோடு எப்படிப் பழகுவார்கள் என்று முதலில் பார்ப்பதற்காக, கல்முனையில் ஓர் அறைக்குள் றம்ஸியா என்றொரு பெண் இருந்து பதில்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஆய்வு முடிந்ததும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் ஆகிலா வீடு வீடாகப் போகிறாள். அக்கரைப்பற்றில் ஒருவர் நன்றாக ஏசினார். இன்னொருவர், "ஒரு குமர்ப் புள்ளையிட்டயா நான் மாட்டுக்கு வயித்தால போறதுக்கு மருந்து கேட்டன்" என்று தலையில் கைவைத்துச் சிரித்தார்.

"அந்தப் பதில்களில உங்களுக்கு நம்பிக்கை இருந்திச்சா மாமா?"

"ஒபிஸுக்குப் போனா நாளைக்கு வா எண்டுவானுகள். இது அப்பிடியில்ல. பாருங்களன்."

போனை நீட்டினார். ஆகிலாவுக்குத் தெரிந்த பதில்தான். 'நாளைக் காலை வாய்க்காலில் தண்ணீர் வரும். வயல் வரம்பு வழுக்கும், காலைப் பார்த்து வையுங்கள்.'

இதற்காக றம்ஸியாவை அவள் கண்டித்திருக்கிறாள். "மெஷின் இப்பிடிக் கதைக்காது. கேட்டதுக்கு மட்டும் எழுதுங்க." றம்ஸியா "சரி மிஸ்" என்பாள். மற்றவர்களுக்கு அப்படியே எழுதவும் செய்தாள். இவருக்கு மட்டும் வெயில் கூட, தொப்பியைப் போடுங்கள் என்பாள்; மழை வரும், நேரத்தோடு வீட்டுக்குப் போங்கள் என்பாள்.

"தேத்தண்ணி ஊத்துறன், இரிங்க. பொம்பிள இல்லாத வீடு. என்ட கையால ஊத்தினா சீனி கொஞ்சம் கூடத்தான் விழும்."

எழுந்து நடந்தார். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடக்க முடிந்தது. ஜன்னல் வழியே வளவின் முன்பக்கம் ஒரு புதுக் கல்வீடு தெரிந்தது. கதவில் பூட்டு, படியில் சருகு.

"அது ஆர்ட வீடு மாமா?"

"மகளுக்குக் கட்டின. பேசின மாப்பிள்ளய வேணாமெண்டிட்டுப் போயிட்டா."

"இப்ப எங்க இருக்கிறா?"

"நான் ஆரிட்டயும் கேக்கிறல்ல."

தேநீர் பாணிபோல் இனித்தது. ஆகிலா பேச்சை மாற்றினாள். "இந்தப் போகம் வேளாண்மை எப்பிடி?"

"நான் எங்க வேளாண்ம செய்யிற? கால் ஏலாம வயலக் குத்தகைக்குக் குடுத்து ரெண்டு வருசமாகுது."

"அப்ப ஒவ்வொரு நாளும் தண்ணி வருமா, தண்ணி வருமா எண்டு கேட்டீங்களே?"

அவர் போனின் கண்ணாடியைச் சாரத்தின் நுனியால் துடைத்தார். "கேக்கிறதுக்கு வேற என்ன இரிக்கி?"

ஆகிலா மீதித் தேநீரையும் குடித்தாள்.

"நாளைக்கும் பதில் வருமா புள்ள?"

"வரும் மாமா." ஆகிலா கோப்பையைக் கீழே வைத்தாள். இனியும் தள்ளிப்போட முடியாது. "நான் வந்ததே ஒரு உண்மையச் சொல்லத்தான். இவ்வளவு நாளும் உங்களுக்குப் பதில் எழுதினது..."

"சொல்லிராதீங்க."

கைதான் உயர்ந்தது, குரல் உயரவில்லை.

"அந்த வரம்புல வழுக்கி விழுந்துதான் என்ட கால் முறிஞ்ச. தூக்கி வந்து கட்டிலில போட்டவள்ட பேச்சு எனக்குத் தெரியாதா? சாகுமட்டும் மகளோட ஒரு சொல்லுக் கதைக்கிறல்ல எண்டு ஊருக்கு முன்னால சத்தியம் பண்ணின மனிசன் நான். மெஷினோட கதைக்கிறல்ல எண்டு பண்ணல்லியே."

போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க. இது மெஷின்தானே?"

"ஓம் மாமா," என்றாள் ஆகிலா. "மெஷின்தான்."

றம்ஸியாவின் வேலை நேற்றோடு முடிந்திருந்தது. நாளையிலிருந்து அவருக்குப் பதில் எழுதப்போவது உண்மையிலேயே மெஷின்.