இயக்குநரின் பெனால்டி

"நீ இந்தப் பக்கம் விழு. இயக்குநரு அந்தப் பக்கம்தான் அடிப்பாரு. நேத்தே கேட்டு வச்சுட்டேன்" என்று முரோசுமியின் காதில் சொன்னார் எங்கள் பிரிவுத் தலைவர் இசொகவா.

முரோசுமி கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"சியோலுக்கு மேட்ச் ஆடப் போகணுமா, வேணாமா? உன் லீவு அவரு மேஜைலதாம்ப்பா கிடக்கு."

முரோசுமி ஜப்பான் அணியின் கோல்கீப்பர். மற்ற நாட்களில், காலையில் எங்களோடு வரிசையில் நின்று ரேடியோவில் சொல்லச் சொல்ல உடற்பயிற்சி செய்துவிட்டு, மதியம்வரை பம்பு விற்ற ரசீதுகளைச் சரிபார்ப்பவர்.

நாட்டுக்காக ஆட வேண்டுமென்றால் கம்பெனியில் லீவு கேட்க வேண்டும். திரும்பி வந்ததும் பிரிவில் எல்லாருக்கும் இனிப்புப் பெட்டி கொடுத்து, தொந்தரவுக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜெயித்துவிட்டு வந்தாலும் இதே மன்னிப்புதான்.

அன்று கம்பெனி விளையாட்டு விழா. கடைசி நிகழ்ச்சி, இயக்குநர் பெனால்டி அடிப்பது.

போன வருடம் கோலில் நின்றவர் வாசல் காவலாளி. அதற்கு முந்தைய வருடம் கேன்டீன் சமையல்காரர். கோல் விழாத வருடமே கிடையாது. அந்தத் தெம்பில், இந்த முறை நாட்டின் கோல்கீப்பரையே நிறுத்தச் சொல்லிவிட்டார் இயக்குநர்.

கம்பெனிப் பாட்டு வாசிக்க பேண்டு தயார். கோல் கம்பத்தை ஒட்டி, சற்றுப் பின்னால், மூங்கிலில் ஒரு பொன்னிறக் காகித உருண்டை தொங்கியது. கயிற்றை இழுத்தால் அது பிளந்து வண்ணக் காகிதம் கொட்டும். 'வாழ்த்துகள்' என்று துணி தொங்கும்.

கயிறு என் கையில். பன்னிரண்டு வருட சர்வீசில் எனக்குக் கிடைத்த பெரிய பொறுப்பு அது.

இயக்குநர் கோட்டைக் கழற்றினார். வாங்கிக்கொள்ள நான்கு பேர் ஓடினார்கள். பிறகு அவரும் ஓடிவந்தார். ஓடினார் என்றுதான் கம்பெனிப் பத்திரிகை எழுதியது.

உதைத்தார்.

இசொகவா சொன்ன பக்கம் முரோசுமி விழவில்லை. மறுபக்கம் பாய்ந்தார். உடம்பு முழுவதையும் நீட்டி, பந்தை இரண்டு கைகளாலும் பிடித்து, நெஞ்சோடு அணைத்தபடி தரையில் விழுந்தார்.



அவர் பாய்ந்த அந்த நேரம் பார்த்து நான் கயிற்றை இழுத்துவிட்டேன்.

வண்ணக் காகிதம் கொட்டியது. 'வாழ்த்துகள்' தொங்கியது. அதைப் பார்த்த பேண்டு கம்பெனிப் பாட்டை ஆரம்பித்தது.

முரோசுமி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். பந்தை இரண்டு கைகளாலும் இயக்குநரிடம் நீட்டி, முறைப்படி குனிந்தார்.

"போச்சு. லீவும் போச்சு, நானும் போனேன்" என்றார் இசொகவா.

மறுநாள் காலைக் கூட்டத்தில் இயக்குநர் மேடையேறினார்.

"என் ஷாட்டைப் பிடிக்கறதுக்கு, நாட்டோட கோல்கீப்பரே உசுரைக் குடுத்துப் பாய வேண்டியிருந்துச்சு!"

முதலில் கை தட்டியவர் இசொகவா. மதியத்துக்குள் லீவு விண்ணப்பத்தில் முத்திரை விழுந்தது.

சியோலுக்குக் கிளம்பும்முன் முரோசுமி தன் மேஜையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அருகில் போய் நின்றேன்.

நான் வேண்டுமென்று கயிற்றை இழுக்கவில்லை. பந்து நேராக என் முகத்துக்கு வந்துகொண்டிருந்தது. பயந்து உட்கார்ந்தேன், கயிறும் கூடவே வந்துவிட்டது.

"பந்து கம்பத்துக்கு ஒரு முழம் வெளியிலதானே போச்சு? சும்மா நின்னிருந்தாப் போதுமே. யாரும் உங்களை ஒண்ணும் சொல்லியிருக்க முடியாதே!" என்றேன்.

"சும்மா நின்னிருந்தா, அவரு தப்பா அடிச்சாருன்னு முடிஞ்சிருக்கும்" என்றார் முரோசுமி, இழுப்பறையைச் சாத்திக்கொண்டே. "நான் விடலைன்னுல்ல இருக்கணும்."