பிள்ளைக்காம்பராவில் ஒரு பெரட்டு

தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் பிள்ளைக்காம்பராவில் இன்னும் பாலும் மூத்திரமும் மணக்கின்றன. வெறுமனே தொங்கும் தொட்டில் சீலைகளுக்குக் கீழே, குடியை விட்ட ஆறு பேர் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வட்டமாகக் குந்தியிருக்கிறார்கள். நடுவில் ஒரு குப்பி விளக்கு. இந்தக் கூட்டத்தை விசாரித்துக்கொண்டே தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு லயத்து வீட்டிலிருந்து இறங்கி வந்த சோலைமலை வாசலில் தயங்குகிறான். அவனை முந்திக்கொண்டு பனிமூட்டம் உள்ளே நுழைகிறது. "ஒக்காரு தம்பி" என்று மூத்தவரான அழகுமுத்து ஓரத்தில் இடம் காட்டுகிறார். நடுங்கும் கைகளைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு அவன் உட்காருகிறான். காலைப் பெரட்டில் கங்காணி ஆள் கூப்பிடுவதைப் போல அழகுமுத்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிறார். கம்பளிகளுக்குள்ளிருந்து "குடிக்கல", "குடிக்கல" என்று பதில் வருகிறது. கடைசியாக, "நல்லமுத்து" என்கிறார். எந்த வாயும் அசையவில்லை. ஆனால் சோலைமலையின் காதோரம், ஆளே இல்லாத பக்கத்திலிருந்து, ஈரமான ஒரு குரல் "குடிக்கல" என்கிறது. தலைக்கு மேலே ஒரு தொட்டில் மட்டும் மெல்ல ஆடுகிறது. சோலைமலை அண்ணாந்து பார்க்கிறான். "போன மழையில கசிப்புச் சாராயத்தக் குடிச்சிட்டு ஆத்துல விழுந்து செத்தாரே, அந்த நல்லமுத்து அண்ணனா?"

"அவருதான்" என்று அழகுமுத்து விளக்குத் திரியைத் தூண்டுகிறார். "உசுரோட இருக்கயில எம்புட்டுக் கூப்புட்டும் வரல. இப்ப ஒரு கூட்டத்துக்கும் தவறுறதில்ல. நீ நேரத்தோட வந்துட்ட தம்பி. ஒம் பேரு என்ன?"