அந்த ம்ம்ம்

அதைத்தான் சொல்கிறேன், பேச்சு இடது பக்கம், ராகம் வலது பக்கம். மூளையைச் சொல்கிறேன்.

காலேஜ் லைப்ரரியில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் போட்டிருந்தான். இடது பாதி கெட்டுப் பேச்சே போனவர்களில் சில பேர், பாட்டு என்று வந்தால் வார்த்தையோடு முழுசாகப் பாடிவிடுகிறார்களாம். வலது பாதி கைகொடுக்கிறதாம்.

படித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவில் பஸ் ஏறிவிட்டேன்.

ஏனென்றால் எங்கள் அம்மாவுக்குக் கெட்டிருப்பது இடது பாதிதான்.

மூளையில் ரத்தம் அடைத்து வலது கை விழுந்தது, அந்தக் கையை ஆட்டுவிப்பது இடது பாதிதானாம். பேச்சும் போனது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'தா, தா' என்று மட்டும் வருகிறது. அது தன் காதிலேயே விழுந்ததும் அழுகிறாள். இப்போதெல்லாம் வாயைத் திறப்பதே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள்.

மண்டைக்குள் எட்டிப் பார்க்கிற மெஷின் மெட்ராஸில்தான் இருக்கிறதாம். பாளையங்கோட்டை டாக்டரிடம் வாயும் டார்ச்லைட்டும்தான் இருந்தது. குனிந்து, "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

"நல்லாருக்கும்போதே அதச் சொன்னதில்ல சார்," என்றார் அப்பா.

"சரி, எந்த ஊர்னு சொல்லச் சொல்லுங்க."

"அதுவும் சொல்லமாட்டா."

டாக்டர் அம்மாவை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

அப்பா பெயர் சங்கரபாண்டியன். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் அம்மா சுந்தரம்மாள் ஒரு படி மேலே. அந்தப் பெயரில் பாதி இருக்கிறது என்று சங்கரன்கோவில் என்ற ஊர்ப் பெயரையே சொல்லமாட்டாள். பிறந்த ஊரான பனவடலிசத்திரத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில், "கோயிலுக்கு ஒண்ணு" என்பாள். புதுக் கண்டக்டர் யாராவது, "எந்தக் கோயிலுக்கு, அக்கா?" என்று கேட்டால், "ஒம் பஸ்ஸு போற கோயிலுதாம்வே, டிக்கெட்டக் கிழி!"

அப்படிப்பட்ட வாய்.

அப்பாவைக் கூப்பிட அவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான். இங்கேருங்க. அடுப்படியில் நின்று ஒரு தடவை சொன்னால் தெருமுனையில் வாடகை சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிற அப்பாவுக்குக் கேட்கும்.

நான் போய் இறங்கியபோது கடை பூட்டியிருந்தது. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். பத்திரிகை விஷயத்தை மூச்சுவிடாமல் சொன்னேன்.

"ஏட்டி, நம்ம ஊரு சாமிதான் ஒரு பாதி சிவன், ஒரு பாதி பெருமாள்னு நிக்காரு. ஒங்கம்மா மண்டைக்குள்ளயும் அப்பிடியா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "பாட்டெல்லாம் எதுக்குட்டி. அந்த 'இங்கேருங்க' மட்டும் வந்தாப் போதும் எனக்கு."

நான் கேட்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய், சுவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தேன்.

தம்பி தொட்டிலில் கிடந்தபோது அம்மா தானே கட்டிய தாலாட்டு ஒன்று உண்டு. வீட்டில் எல்லோருக்கும் பாடம். கடைசி அடியில் மட்டும் ஓரிடத்தில் வார்த்தை இருக்காது, ராகம்தான் போகும். 'ம்ம்ம் ம்ம்ம் பெத்த தங்கமே கண்ணுறங்கு.' ம்ம்ம்தான் பாட்டு என்று நானும் அப்படியே பொம்மைக்குப் பாடி வளர்ந்தவள்.

வார்த்தை எதுவும் சொல்லாமல் ராகத்தை மட்டும் முனகினேன்.

ஒன்றுமில்லை. திரும்பவும் முனகினேன்.

அம்மாவின் இடது கைவிரல் கட்டில் சட்டத்தில் தட்ட ஆரம்பித்தது.

அப்புறம் அவள் வாய் திறந்தது.

"பனவடலிக் கரிசலிலே பஞ்சு வெடிச்சிருக்கு..."

தா, தா இல்லை. பனவடலி. கரிசல். பஞ்சு. ஒவ்வொன்றும் முழுசாக, கழுவி வைத்த மாதிரி வந்தது. நான் முனகுவதை நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை.

"பஞ்சு மெத்த நான் விரிச்சேன் பாலகனே கண்ணுறங்கு..."

அப்பா ஆற்றிக்கொண்டிருந்த காப்பி பாதியில் நின்றது.

கடைசி அடி வந்தது.

"சங்கரபாண்டி பெத்த தங்கமே கண்ணுறங்கு."

அந்த இடத்தில் எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது பாருங்கள், சங்கர, தங்கமே! அதை வைத்துத்தான் பாட்டையே கட்டியிருக்கிறாள். கட்டிவிட்டு, மேலே ஒரு ம்ம்ம்மைப் போட்டு மூடியிருக்கிறாள்.

என்ன சொல்லிவிட்டோம் என்று அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. இடது கை விருட்டென்று போய் வாயைப் பொத்தியது. விரலுக்கு மேலே கண் இரண்டும் அகலமாக, புதுப்பெண் மாதிரி.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். எங்கே வைத்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது, காப்பி பாயெல்லாம் ஓடியது.

"இன்னொருக்கப் பாடச் சொல்லுட்டி," என்றார்.

அம்மா கையை எடுத்தாள். நான் ராகத்தைப் பிடிக்கும் முன்னால் அவளே எடுத்துவிட்டாள். பனவடலி, பஞ்சு, பாலகன், எல்லாம் வரிசையாக வந்தது. கடைசி அடிக்கு முன்னால் சுவரைவிட்டு மெல்லத் திரும்பி அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"ம்ம்ம் ம்ம்ம் பெத்த தங்கமே கண்ணுறங்கு."

பாடிவிட்டு ஒரு பக்க உதட்டால் சிரித்தாள். மறுபக்கம் இன்னும் சிரிக்க வரவில்லை.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை.

சரி, முதல் தடவை அந்தப் பெயர் வந்தது வலது பாதியால் என்றே வைத்துக்கொள்வோம், பத்திரிகையில் போட்டபடி. இரண்டாவது தடவை அதைப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டது எந்தப் பாதி? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?