கழுதைக்குத் தெரிந்த வழி

“கழுத மேலயா? கவர்மென்ட் கேனைக் கழுத மேலயா ஏத்தப் போறீங்க?”

மெட்ராஸிலிருந்து வந்திருந்த கால்நடைத் துறை அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் அது கழுதையாகத்தான் இருந்தது.

“வத்தல்மலைக்கு ரோடு இல்லீங்க சார். ஜீப்பெல்லாம் இந்த அடிவாரத்தோட சரி. மேல சாமான் போவணும்னா கழுததானுங்க” என்றான் காசிம்.

காசிம் தருமபுரியில் வண்டிப் பட்டறை வைத்திருப்பவன். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிறவனுக்கும் காளை விந்து கேனுக்கும் என்ன சம்பந்தம் என்று தெருவே கேட்டது. சம்பந்தம் மாட்டு டாக்டர் தெரசாவால் வந்தது.

கேனுக்குள் இருப்பது நைட்ரஜன் திரவம். ஐஸ் கட்டியெல்லாம் அதன் முன்னால் வெந்நீர். அதில் உறைந்து கிடக்கும் விந்துக் குச்சிகள் எத்தனை வருடமானாலும் உயிரோடு இருக்கும். ஆனால் கேனை இறுக்கி மூட முடியாது, மூடினால் வெடிக்கும். சாய்ந்தால் கொட்டும். கொட்டினால் அத்தனை குச்சியும் வீண். அந்த ஒரு காரணத்தால் மலை மாடுகளுக்குச் சினை ஊசி என்பதே கிடையாது. இரண்டு வருடமாக மேலிடத்துக்கு எழுதி எழுதித் தெரசாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

வண்டிக்கு அடியில் தொங்கும் லாந்தரைப் பார்த்துத்தான் காசிமுக்கு யோசனை வந்தது. வண்டி எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் லாந்தர் நேராகத்தான் தொங்குகிறது. வளையத்துக்குள் வளையம், அதற்குள் கேன் என்று ஒன்றைச் செய்து முடித்தான். கழுதை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கேன் நிமிர்ந்தே நிற்கும். “எட்டாங்கிளாஸ் தாண்டாத ஆளு செஞ்சதுங்க இது!” என்று அவன் மனைவி வஹிதா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேனை ஒரு பக்கமும், எடைக்குக் கல் மூட்டையை மறுபக்கமும் கட்டினார்கள். அதிகாரி கேனுக்குள் மரக்கோலை விட்டு எடுத்தார். வெள்ளையாகப் பனி படிந்த உயரம்தான் திரவத்தின் அளவு. பன்னிரண்டு விரல் இருந்தது.

“இன்னைக்கு வெறும் திரவம் மட்டும் போகுது. முதல் பயணம்” என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். “இது பாஸானாத்தான் குச்சி மேல போகலாம். அதுக்கு முந்தி ஒரே ஒரு குச்சி போனாலும், டாக்டர், உங்க வேலை போயிடும். ரூல் தெரியுமில்ல?”

“தெரியும் சார்” என்றாள் தெரசா.

காசிம் கேனின் கட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். வளையம் தோற்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். தன்னால் இந்த அம்மாவின் பிழைப்பில் மண் விழுந்துவிட்டால்?

பாதி மலையில் ஒரு பாறை வந்ததும் அவன் நின்றான். “சார், இங்கயே அளந்து பாத்துட்டு எறங்கிடலாமுங்களா? வெயிலு வேற ஏறுது.”

“ஏன் பாய், பயமா?”

“கொஞ்சம் இருக்குதுங்க” என்றான் காசிம். அது சத்தியமான வார்த்தை.

அதற்கு மேல் பாதை செங்குத்து. சரளையில் கழுதையின் பின்னங்கால் வழுக்கி, முட்டி போட்டுவிட்டது. தெரசா “ஐயோ!” என்று கத்தினாள். வளையங்கள் கடகடவென்று சுற்றின. நடுவில் இருந்த கேன் மட்டும், எனக்கென்ன என்று நிமிர்ந்தே நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

“நானே ரெண்டு தடவ சாஞ்சிட்டேன். இது சாயலையே!” என்றார் அதிகாரி.

உச்சியில் மறுபடி அளந்தார்கள். பதினொன்றே முக்கால் விரல்! அதிகாரி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காசிமிடம் கையை நீட்டினார். “படிச்சவன் எல்லாம் ஆபீஸ்ல உக்காந்து கோடு போட்டுக்கிட்டு இருக்கான். நீங்க செஞ்சே காட்டிட்டீங்க, பாய்!”

காசிம் இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். வஹிதா இதைப் பார்க்கவில்லையே என்று இருந்தது.

“அப்ப எறங்கலாமா சார்?” என்று தெரசாவும் காசிமும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

கை குலுக்குகிற சந்தோஷத்தில் கழுதைக் கயிற்றை விட்டுவிட்டதைக் காசிம் அப்போதுதான் கவனித்தான். கழுதை அதன் பாட்டுக்கு ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. நாலு வீட்டைத் தாண்டி, புளியமரத்தருகே திரும்பி, கடைசி வீட்டு மாட்டுக் கொட்டகை முன்னால் போய் நின்றது.

“என்ன இது, அட்ரஸ் தெரிஞ்ச மாதிரி போகுது?” என்று அதிகாரி பின்னாலேயே நடந்தார்.

கொட்டகையிலிருந்து ஒரு கன்று துள்ளி வந்து கழுதையை முகர்ந்தது. செவலை மாட்டைத் தவிர வேறு நிறமே பார்க்காத அந்த மலையில், கன்று கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

வீட்டுக்காரன் மல்லையன் வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தான். “வாங்க டாக்டரம்மா! வாங்க பாயி!”

“இந்தச் சீமைக் கன்னு எங்க வாங்கினது?” என்று கேட்டார் அதிகாரி.

“வாங்கறதாவது! நம்ம வூட்லயே பொறந்ததுங்க சாமி. ஆறு மாசமாச்சு. இந்த மலையில இப்படி ஒரு கிடேரி எவங்கிட்ட இருக்குது, சொல்லுங்க?” மல்லையன் பெருமையோடு கழுதையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான். “இவ அப்பன் வந்ததே இந்தக் கழுத மேலதானுங்களே!”

காசிம் தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரி தெரசாவைப் பார்த்தார், காசிமைப் பார்த்தார், கன்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து, ‘முதல் பயணம்’ என்று எழுதியிருந்ததில் ‘முதல்’ என்பதை மட்டும் அடித்தார்.