மனசார ஒரு மதிப்புரை

ஆயிரத்து நானூறு பேர் சிரித்திருந்தார்கள்.

ஒரு நாவலுக்கு முகநூலில் எழுதிய தன் மதிப்புரையை அவன் மறுபடி முதலிலிருந்து படித்தான். சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

'தாய்மையின் தலைமகளே! தொட்டில்களின் தெய்வமே! ஒன்பதாம் அத்தியாயத்தில் எங்கள் கண்ணீர் காவிரியானது. காலத்தை வென்ற காவியம் தந்த கருணைக் கடலே, உம் பாதம் பணிகிறோம்.'

நன்றாகத்தானே இருக்கிறது.

துறையூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் அவனுக்கு வேலை. காதணி விழா, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் படத்தைக் கொடுத்தால் போதும். வாசகம் அவனுடையது. பதினோரு வருடமாக ஊரே அவன் தமிழில்தான் காது குத்திக்கொண்டது, வயதுக்கு வந்தது, செத்தது. ஒருவரும் சிரித்ததில்லை. பேனருக்கு முன்னால் நின்று அழுதவர்கள் உண்டு.

அந்த நாவலை எழுதியவர் பிலோமினா சிஸ்டர். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இதுதான் முதல் புத்தகம். அட்டை வடிவமைத்துக் கொடுத்ததற்காக அவனுக்கு ஒரு பிரதி தந்தார்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு நர்ஸ், இறந்தே பிறந்த குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டுகிறாள். ஊற்றுவதற்கு முன், சூடு அதிகமோ என்று முழங்கையை நனைத்துப் பார்க்கிறாள்.

அவன் கடையிலேயே உட்கார்ந்து அழுதான்.

"யார்ரா செத்தது?" என்றார் முதலாளி. "பேனர் பத்துக்கு எட்டா, ஆறுக்கு நாலா?"

அந்த அழுகையைத்தான் எழுதினான். இரண்டு நாள் எழுதினான். தெரிந்த தமிழில் எழுதினான். வேறு தமிழ் அவனிடம் இல்லை.

முதல் வாரம் பதினாறு பேர்தான் பார்த்தார்கள். சிஸ்டர் அதை லேமினேட் செய்து பைபிளுக்குள் வைத்திருப்பதாகச் சொன்னார்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பெரிய எழுத்தாளர் அதைப் பகிர்ந்தார். 'பேனர் மொழியிலேயே ஒரு குப்பை நாவலைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார் இந்த இளைஞர். இந்த வருடத்தின் சிறந்த பகடி.' அவர் நாவலைப் படிக்கவில்லை. அதெல்லாம் அவருக்குத் தேவைப்படாது.

கூட்டம் தானாகச் சேர்ந்தது. 'கருணைக் கடலே' என்ற இடத்தில் தனக்குக் காபி புரையேறிவிட்டதாக ஒரு பெண் எழுதியிருந்தாள்.

'இது கிண்டல் அல்ல. உள்ளத்தின் ஓலம்' என்று விளக்கம் எழுதிப் பார்த்தான். படித்தால் அதுவும் கிண்டல் மாதிரியே இருந்தது. அழித்துவிட்டான்.

பிற்பகலில் ஓர் இணைய இதழின் ஆசிரியர் உள்பெட்டிக்கு வந்தார்.

'உங்களை வைத்து இங்கே ஒரே சண்டை. நிஜமாகவே பாராட்டியிருக்கிறீர்கள் என்று சிலர் சாதிக்கிறார்கள். நிஜமாகப் பாராட்டுகிறவன் இவ்வளவு நன்றாக எழுத மாட்டான் என்கிறேன் நான். பகடிதானே? ஆம் என்றால் மாதம் ஒரு பத்தி எழுதுங்கள்.'

இவ்வளவு நன்றாக.

அவனிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அண்ணன் பெயரை இன்னும் பெரிசாப் போடு என்பார்கள். அவ்வளவுதான்.

கைபேசி அடித்தது. பிலோமினா சிஸ்டர்.

"தம்பி, எம் மருமக காட்டுனா. எல்லாரும் சிரிக்கிறாங்களே."

அவன் நாற்காலியைக் கடைக் கணினியின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நீங்களும் கிண்டலுக்குத்தான் எழுதுனீங்கன்னு அவ சொல்றா. எனக்கு அப்படித் தோணல. அந்தப் புள்ளையக் குளிப்பாட்டுனது நாந்தான் தம்பி. மத்தவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நீங்க சொல்லுங்க. மனசாரத்தான எழுதுனீங்க?"

"மனசாரத்தான் சிஸ்டர்."

சத்தியமான உண்மை.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கடைக் கணினியில் ஆசிரியருக்குப் பதில் அடித்தான்.

'பகடிதான் சார்.'

"எனக்கு இது போதும் தம்பி" என்றார் சிஸ்டர்.

கால்மணி நேரம் கழித்து மதிப்புரைக்குக் கீழே அவர் எழுதியிருந்தார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியிருக்க வேண்டும்.

'தம்பியிடம் இப்போதுதான் பேசினேன். மனதார எழுதியதாகச் சொன்னார். தயவுசெய்து யாரும் சிரிக்க வேண்டாம். இப்படிக்கு, பிலோமினா, ஸ்டாஃப் நர்ஸ் (ஓய்வு).'

ஒரு நிமிடம் அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு வந்தது பாருங்கள் சிரிப்பு. முன்னால் சிரித்ததெல்லாம் சும்மா. 'அந்தம்மாவையே நம்ப வைத்துவிட்டானே' என்றார் ஒருவர். 'மேதை' என்றார் இன்னொருவர். பெரிய எழுத்தாளர் மறுபடியும் பகிர்ந்தார்.

ஆசிரியர் உள்பெட்டியில் துள்ளினார். 'போன் வேறு போட்டுப் பேசினீர்களா? எமகாதகன் ஐயா நீங்கள். அது சரி, அந்தப் பின்னூட்டத்துக்கு நீங்கள் மட்டும் ஏன் இன்னும் சிரிக்கவில்லை?'

அவன் சிஸ்டரின் வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எது அதிகம் என்று யோசிக்க நேரமில்லை.

வரிசையாக நின்ற மஞ்சள் முகங்களில் சிரிக்கிற முகத்தை அழுத்தினான்.

சிரித்தவர்கள் யார் யார் என்று தொட்டுப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் பெயர் வரும். ஆனால் முகநூல் அவரவருக்குத் தெரிந்தவர்களைத்தான் முதலில் காட்டும்.

அந்தக் கூட்டத்தில் பிலோமினா சிஸ்டருக்குத் தெரிந்தவன் ஒருவன்தான்.