இரவல் கார்

முதலாளியின் காரை நாசமாக்கிவிட்டோமே, இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பது என்று காத்தான் அவர் வீட்டு வாசலில் நின்று தவித்துக்கொண்டிருந்தான். வாங்கிக் கட்டிக்கொள்வதை இன்றைக்கே வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தான்.

சாதாரணக் காரா அது? எண்பத்தாறாம் வருஷத்தில் நாமக்கல் வட்டாரத்திலேயே அப்படி ஒன்றுதான் இருந்தது. புதுச்சத்திரம் கடைவீதியில் அது திரும்பினால் டீ குடிக்கிறவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். உள்ளே குளிர்காற்று வரும், பாட்டு வரும், சீட்டில் உட்கார்ந்தால் ஆள் பாதி உள்ளே போய்விடுவான்.

கோழிப்பண்ணை முதலாளி சரவணமுத்து, கார் வந்த புதிதில் அதன் பக்கத்தில் ஈ காக்கையை அண்டவிட மாட்டார். பொங்கல் கழிந்ததிலிருந்துதான் ஆளே மாறிப்போனார். உறவுக்காரன் வீட்டில் கல்யாணமா, காரை எடுத்துக்கொண்டு போ. பக்கத்துத் தோட்டத்தில் யாருக்கோ காய்ச்சலா, காரை எடுத்துக்கொண்டு போ. அவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேலத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போவார். பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் பஸ்தான்.

கார் திரும்பி வந்ததும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்து, ஒன்றும் ஆகவில்லையா என்று டிரைவரைக் கேட்பார். அந்தக் கரிசனத்தையும் ஊர் சொல்லிச் சொல்லி மாய்ந்தது. மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பண்ணையில் கோழிக்குத் தீனி வைக்கிற காத்தானும் கும்பிட்டான்.

முந்தின நாள் காலையில் அவன் மனைவி சின்னாயிக்கு இடுப்புவலி கண்டது. கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இனி இல்லை என்று விட்டுவிட்ட பிறகு உண்டான பிள்ளை. அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றவனைப் பார்த்துவிட்டு, டிரைவர் சின்னராஜிடம் சாவியைக் கொடுத்தனுப்பியது முதலாளிதான். காத்தானின் தெருவிலிருந்து அந்தக் காரில் ஏறிய முதல் ஆள் சின்னாயி. பின்சீட்டில் அவளைத் தூக்கி வைத்தபோது காத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் அலறின அலறலில் அவன்தான் டிரைவரை விரட்டினான். நாமக்கல்லுக்கு முன்னால் ஓர் இறக்கத்தில் லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. சின்னராஜ் பிரேக்கை மிதித்தான், எழுந்து நின்றே மிதித்தான். கார் நிற்கவில்லை. லாரிக்குத் தப்பிப் புளியமரத்தில் போய் மோதியது. தான் வேகமாகப் போகச் சொன்னதால் வந்த வினை இது என்று காத்தான் அங்கேயே முடிவுகட்டிவிட்டான்.

கதவு திறந்தது. சரவணமுத்து வெளியே வந்தார்.

"சாமி, நாந்தானுங்க வெரசாப் போகச் சொன்னேன். டிரைவரு மேல தப்பில்லீங்க. உங்க வண்டியை இப்படிப் பண்ணிப்போட்டனுங்க."

காலில் விழப்போனவனைத் தோளைப் பிடித்து நிறுத்தினார். எப்போதும் வாய் நிறைய 'டா' போடுகிறவர் அன்று போடவில்லை.

"உடு காத்தான். வண்டி என்ன பெரிய வண்டி. ஊட்டுல எப்படி இருக்குறா?"

சின்னராஜுக்குக் கால் முறிந்துவிட்டது, சின்னாயி பிழைத்துக்கொண்டாள் என்று சொன்னான். பிள்ளையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். ஆண்பிள்ளை. விரலும் நகமுமாக முழுசாக இருந்தது, அழத்தான் இல்லை. விடிந்ததும் புதைத்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

முதலாளி உச்சுக்கொட்டினார். உள்ளே குரல் கொடுத்துக் காப்பி கொண்டுவரச் சொன்னார். வந்தது, அந்த வீட்டுக்காரர்கள் குடிக்கிற டம்ளரில். அவனுக்கென்று மாட்டுக்கொட்டகையில் வைத்திருக்கும் கிளாஸை அன்று யாரும் தேடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலிலும் காத்தானுக்கு நெஞ்சு இளகிவிட்டது. காரை அழித்தவனுக்கு இப்படி ஒரு மரியாதையா? தன் தோலைச் செருப்பாகத் தைத்துப் போட்டாலும் இவருக்குத் தகும் என்று நினைத்தான்.

உள்ளே டெலிபோன் மணி அடித்தது. சேலத்துக்குப் போட்ட டிரங்க் கால் கிடைத்துவிட்டது என்று சரவணமுத்து ஓடினார். டிரங்க் கால் என்றால் கத்தித்தான் பேச வேண்டும். வாசலில் டம்ளரோடு நின்ற காத்தானுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அஸ்தம்பட்டி கார் கம்பெனிங்களா? பண்ணை சரவணமுத்து பேசறனுங்க. ஆமாங்க, அந்த பிரேக் கோளாறு வண்டிதான்."

எதிர்முனையில் ஏதோ சொன்னார்கள்.

"இந்த வண்டிக பிரேக்கு எப்ப வேணாலும் போயிரும், ஓட்டாதீங்கன்னு பொங்கலுக்கே சொன்னீங்க. மாத்தித் தாங்கன்னா சாமான் வரலை, வரிசைப்படிதான்னீங்க. ஆள் சேதம் ஆன வண்டிக்கு மட்டும் ஒடனே புது வண்டியே தருவோம்னீங்களா இல்லீங்களா?"

எதிர்முனையில் மறுபடி ஏதோ கேட்டார்கள். சரவணமுத்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துப் பதில் சொன்னார். சேலத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது. வேறு வழியில்லாமல் கத்திச் சொன்னார்.

"ஒரு உசுரு போயிருக்குதுங்க. போதுமுங்களா?"